கையில இருந்தாத்தான் ஓடும்

— நிப்பாட்டவா? என்ன தங்கச்சி செல்றீங்க, ஓடுற வாச்ச நிப்பாட்டவா?

— ஆமா ஃபாஸில் நானா. நிப்பாட்டித் தந்தீங்கன்னா போதும்.

— ஹட்டன்ல இந்தக் கண்ணாடிப் பொட்டிக்குப் பின்னால குந்தி என்ட தலை நரைச்சுப் போச்சு. நின்னுபோன வாச்சத் தூக்கிட்டு வந்து, ஃபாஸில் நானா ஓட வைங்கன்னுதான் எல்லாரும் செல்லுவாங்க. ஓடுறத நிப்பாட்டச் சொன்னது நீங்கதான் மொதல். விக்கிறதுக்கா?

— விக்க இல்ல. பொதைக்க.

— வாச்சப் பொதைக்கிறதா?

— தம்பியோட குழியில. எங்க தோட்டத்துப் பூசாரி பொன்னையா சொல்லிட்டாரு, ஓடுற சாமான குழிக்குள்ள போடக் கூடாது, நிப்பாட்டிட்டு வான்னு. நாளைக்கு அமாவாசை. நாளைக்கே போட்டுரணும்.

— அந்த ஸ்டூல்ல இரிங்க தங்கச்சி. நனைஞ்சு போய் ஈக்கிறீங்க. எங்க இருந்து வாறீங்க?

— பூண்டுலோயாப் பக்கம், மேப்பிரிவு லயம், தோட்டத்து வரிசை வீடு. ஜெயந்தினின்னு எம் பேரு. மொதல்ல தலவாக்கலையில ஒருத்தருகிட்டக் கொண்டு போனேன். துணியப் பிரிச்சுப் பாத்துட்டு, இது ஹட்டன்ல ஃபாஸில் நானாவுக்குத்தான் வெளங்கும்னு கையக் கழுவிட்டாரு. நெசமாவே எந்திரிச்சுப் போயி சவுக்காரம் போட்டுக் கழுவினாரு.

— வேப்பிலையும் சாம்பலும் வச்சு முடிஞ்சு கொண்டந்தா வேற என்ன செய்வாரு.

— சாம்பல் இல்லீங்க. திருநீறு.

— சரி, திருநீறு. தாங்க இங்க. எனக்கிப் பயமில்ல. மௌத்தானவங்கட வாச்சு எத்தனையோ இந்த மேசைக்கு வந்து போயிருக்கு. வாப்பாட வாச்சு, மாமாட வாச்சு... எல்லாம் வாச்சுதான். அவங்க ஒருத்தரும் வந்து திருப்பிக் கேட்டதில்ல.

— நானா கையில வாச்சு கட்ட மாட்டீங்களா? பஸ் தவறிரும்னு மணி பாத்தேன். இங்க தொங்குறது எல்லாம் ஒன்னொன்னு ஒவ்வொரு மணி காட்டுது.

— வாச்சுக்காரன்ட மணியும் தையக்காரன்ட சட்டையும் கேக்கப்படாது தங்கச்சி. இந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் கைய இழுத்து வுட்டாப் பொறகு மணி எதுக்கு... ஆ, முடிச்சு அவுந்திருச்சு.

— என்னா நானா? ஏன் அப்புடிப் பாக்குறீங்க?

— ஒன்னுமில்ல. இது ஒங்களுக்கு எங்கால?

— தம்பியோடதுன்னு சொன்னேனே. வினோஜன். ஜப்பானுக்குப் போயி வேல செஞ்சு வாங்கிட்டு வந்தான். ஏன் கேக்குறீங்க?

— இப்பிடி ஒன்ன நான் ஒரே ஒருக்காத்தான் கண்டிருக்கேன். அதுவும் கிட்டடியில.

— இருக்காது நானா. ஒலகத்துக்கே ஐந்நூறுதான் செஞ்சாங்களாம். ஒவ்வொன்னுக்கும் பின்னால நம்பர் வெட்டியிருக்குமாம். இவனோடது நூத்திப் பதினேழு. சாமி பேரு சொல்ற மாதிரி அந்த நம்பரச் சொல்லிக்கிட்டுத் திரிவான். இன்னொன்னு இந்த மலைக்கு எப்புடி வரும்?

— அதத்தான் நானும் யோசிக்கிறேன். வரலாம், வராமலும் ஈக்கலாம். நீங்க மொதல்ல செல்லுங்க. தம்பி எப்பிடி மௌத்தானாரு?

— கார்த்திக மழையில. மண்ணு சரிஞ்சுச்சே, அதுல.

— இன்னாலில்லாஹி. பூண்டுலோயாப் பக்கம் ஒரு லயமே போச்சுன்னாங்க.

— அது எங்க லயந்தான். நானும் அம்மாவும் அன்னைக்கி வட்டகொடையில ஒரு சடங்கு வீட்டுல நின்னோம். அவனுக்கு வர மனசில்ல. மழ விட்டா வாரேன், நீங்க போங்கன்னான். மழ விடவே இல்ல.

— சின்னப் பொடியனா?

— கலியாணத்துக்குப் பாத்துக்கிட்டிருந்தோம். நாலு வருஷம் ஜப்பான்ல வயசாளிகளப் பாத்துக்கிற வீட்டுல இருந்தான். திரும்பி வாறப்ப எல்லாரும் டீவி கொண்டு வருவான், நகை கொண்டு வருவான்னு பாத்தா, கையில இதக் கட்டிக்கிட்டு எறங்குறான். அம்மா வாசல்லயே ஏச ஆரம்பிச்சிருச்சு. கூரத் தகரம் ஒழுகுது, சட்டி வச்சுத் தூங்குறோம், ஒனக்கு மணி பாக்க இத்தனையாடான்னு.

— அவரு என்ன சொன்னாரு?

— சிரிச்சான். அம்மா, இந்தா பாரும்மா, இதுக்குள்ள நம்ம மலை இருக்குன்னான். நெசந்தான் நானா. பச்ச முகம். கிட்டக் கொண்டு போயிப் பாத்தா வரி வரியா, கவ்வாத்து வெட்டி விட்ட மலை மாதிரி. அந்த ஊருலயும் தேயில மலை இருக்காம். காலப் பனியில அந்த மலையப் பாத்துத்தான் முகத்தச் செஞ்சாங்களாம். ஞாயித்துக்கிழமை லீவுல கடைக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருப்பானாம். ஊரு நெனப்பு வந்தா கோயிலுக்குப் போற மாதிரி அந்தக் கண்ணாடிக்குப் போவானாம். கடைக்காரரு வெள்ளக் கையுறை போட்டு, ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்து, குனிஞ்சாராம். எனக்கு முன்னுக்கு இதுவரைக்கும் எவன்க்கா குனிஞ்சிருக்கான்னு கேட்டான்.

— வெளங்குது. நல்ல வாச்சுன்னா அது ஒரு மாதிரிதான். மணிக்கில்ல. கையில கெடக்கும்போது மனுசன் வேற ஆளாயிருவான். ம். செல்லுங்க.

— லயமே அதுக்குப் பின்னால திரிஞ்சுச்சு. பீலியில தண்ணிக்கு முறை வச்ச மாதிரி வாச்சுக்கு முறை வச்சாங்க. பொண்ணு பாக்கப் போறவன் ஒரு நாளைக்கு, போட்டோ எடுக்கிறவன் ஒரு மணித்தியாலத்துக்கு. இவன் இல்லேன்னு சொல்ல மாட்டான். கட்டி விட்டுட்டு அவங்கூடவே நிப்பான், கழட்டுற வரைக்கும். ஒரு நா காலையில வேலைக்குப் பேரு போடுற பெரட்டுக் களத்துல கணக்கப்பிள்ள, நேரம் பிந்திட்டீங்க, எல்லாருக்கும் அரப் பேரு, அரச் சம்பளந்தான்னு சொல்லிட்டாரு. இவன் முன்னுக்குப் போயி கைய நீட்டுறான். ஐயா, பிந்தினது ஆலைச் சங்கு, நாங்க இல்லன்னு. கணக்கப்பிள்ள வாச்சப் பாத்தாரு, இவன் மூஞ்சியப் பாத்தாரு. எல்லாருக்கும் முழுப் பேரு போட்டுட்டாரு. அன்னையில இருந்து பொம்பளைங்க அதுக்குத் தொரை வாச்சுன்னு பேரு வச்சிட்டாளுங்க.

— ஹா. நல்ல பேரு.

— ஆனா அதுல ஒன்னு இருக்குன்னு அவந்தான் சொன்னான். பெட்டரி கெடையாது, சாவி கெடையாது. மனுசன் கை ஆடுற ஆட்டத்துல ஓடுறது. கழட்டி வச்சா மூனு நாளுல தூங்கிரும். அக்கா, இது கையில இருந்தாத்தான் ஓடும்பான்.

— சரிதான். அந்த ஜாதி அப்பிடித்தான்.

— அதுதான் நானா. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்.

— செல்லுங்க.

— அவன எடுக்க ஒரு வாரம் ஆச்சு. ஆர்மிக்காரங்கதான் தோண்டினாங்க. எங்க காம்பரா வீடு இருந்த எடத்துக்குக் கொஞ்சம் கீழ கெடந்தான். மூஞ்சியப் பாக்க வேணாம்னு துணியால மூடிட்டு, கைய மட்டும் தூக்கிக் காட்டினாங்க. கை ஊதி, கறுத்து, என்னத்தச் சொல்ல. கண்ணாடி மேல இருந்த சேத்த நாந்தான் தொடச்சேன். உள்ள பச்ச மலை. அம்மா அப்புடியே உக்காந்திருச்சு. நான் எந் தம்பிதான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு இன்னொருக்கா பாக்குறேன்... முள்ளு ஓடுது நானா.

— ஓடிட்டா ஈந்திச்சி?

— ஓடிக்கிட்டிருந்துச்சு. கை செத்து ஒரு வாரமாச்சு. வாச்சு ஓடுது. நான் யாருகிட்டயும் சொல்லல. அழுகுற சத்தத்துல யாரும் கவனிக்கல. கழட்டித் தந்தாங்க, முந்தானையில சுத்திக்கிட்டேன். கூடையில போட்ட கோழிக்குஞ்சு மாதிரி வயித்தோட ஒட்டிக்கிட்டுத் துடிக்குது.

— பொறகு?

— கருமாதி வரைக்கும் அம்மாகிட்டக் காட்டல. மாவு டின்னுல போட்டு, அலுமாரியில வச்சுப் பூட்டி, சாவியக் கழுத்துக் கயித்துல கோத்துக்கிட்டேன். இருங்க, இந்தா பாருங்க, இப்பவும் கெடக்கு. மூனு நாளுல தூங்கிரும்தானே, அப்புறமா எடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். கருமாதி முடிஞ்சு தொறந்தா ஓடுது. தைப் பொங்கலுக்குத் தொறந்தா ஓடுது. நேரமும் சரியாக் காட்டுது. யாரு கையில இருந்து ஓடுது? நீங்களே சொல்லுங்க.

— அம்மா எடுத்துக் கட்டியிருப்பாவோ?

— அம்மா கை ஈர்க்குச்சி நானா, முழங்கை வரைக்கும் போயிரும். அதோட, அம்மாவுக்குத் தெரிஞ்சதே மாசியிலதான். நான் அலுமாரியத் தொறக்கிறப்பப் பின்னால வந்து நின்னுக்கிட்டிருந்திருக்கு. அன்னையில இருந்து டின்ன வாங்கி மடியில வச்சுக்கும். காதுல வச்சுக் கேக்கும். அழுகாது. அதுதான் எனக்குப் பயம். ஓடுதுடி, கையில இருந்தாத்தான் ஓடும்னு அவந்தானே சொன்னான், அப்ப எம் புள்ள கையிலதான் கெடக்குன்னு சொல்லும். நெத்திப் பொட்ட எடுத்திருந்துச்சு, திரும்ப வச்சுக்கிச்சு. மாலை போட்ட படத்தக் கழட்டித் திருப்பி வச்சிருச்சு.

— பாவம்.

— அதோட விட்டாப் பரவாயில்ல. சித்திரை பொறந்ததுல இருந்து அவன் வாறான்.

— யாரு?

— தம்பி.

— கனவுலயா?

— கனவுல வந்தா நான் ஏன் உங்ககிட்டச் சொல்றேன். அந்தி மசங்குற நேரம், பனி எறங்கி முன்னுக்கு நிக்கிற ஆளு தெரியாம போகும் பாருங்க, அந்த நேரம். மேப்பிரிவுல ஒரு பழைய காம்பரா தந்திருக்காங்க, கடைசி வீடு, அதுக்கங்கிட்டு தேயிலதான். நான் ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கேன். வெளிய இருந்து, அக்கான்னு ஒரு சத்தம். அவன் சத்தந்தான். ஆனா நாக்கு பெருத்துப் போன மாதிரி, வாயில மண்ணு இருக்கிற மாதிரி. ஒரே ஒரு தடவ.

— ஒரு தடவ மட்டும்?

— ஒரு தடவ மட்டும். உங்காளுங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எங்கள்ல செத்தவங்க ஒரு தடவதான் கூப்புடுவாங்க. உசுரோட இருக்கிறவங்கதான் மூனு தடவ கூப்புடுவாங்க. அதனால மூனாவது சத்தம் வரைக்கும் ஏன்னு கேக்கக் கூடாது. நான் காத்துக்கிட்டு நின்னேன். ரெண்டாவது வரல. அம்மா என்னடா சாமின்னு வாயத் தொறக்குது, நான் மாவுக் கையோட வாயப் பொத்திட்டேன். கதவுக்குக் குறுக்க வெளக்குமாத்தப் போட்டு, அதுக்கு மேல செருப்பப் போட்டேன். தகரத்தத் தட்டினேன்.

— நாய் ஒன்னும் இல்லையா வீட்டுல?

— இருக்கு. அவன் வளத்ததுதான். மண்ணு சரிஞ்ச அன்னைக்கி எங்கயோ ஓடி, அப்புறமா வந்து சேந்துச்சு. அது கொலைக்கல நானா. தாவாரத்துல நின்னு பனியப் பாத்து வால ஆட்டிக்கிட்டே, மூக்கால மொனங்குது. நாயிக்கு அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்னு சொல்லுவாங்க.

— செல்லுவாங்கதான். பூசாரி என்ன சொன்னாரு?

— அவனுக்குப் பசி, அதான் வாறான்னாரு. வெள்ளிக்கிழமையில அவனுக்குப் புடிச்சதச் சமைச்சு, இலையில வச்சு, பொழுது சாயக்குள்ள வாசலுக்கு வெளிய வச்சிரு, கதவச் சாத்து, திரும்பிப் பாக்காதன்னாரு. வச்சேன். நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பும் சோறும். உள்ள அம்மா என்னோட மல்லுக்கு நிக்குது. புள்ள வெளிய நின்னு திங்குறான்டி, உள்ள கூப்புடுடி, குளிருதுடி அவனுக்குன்னு. நான் கதவுல முதுகக் குடுத்து நின்னேன். செத்தவனுக்குக் கதவத் தொறந்தா கூட ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுத்தான் போவான். எனக்கு இருக்கிறது அம்மா மட்டுந்தான்.

— சோறு?

— காலையில பாத்தா இல்ல. இலைய மடிச்சு வச்சிருந்துச்சு. தன் பக்கமா மடிச்சு, மேல ஒரு கல்லு வச்சு. அடுத்த வெள்ளியும் அப்புடி, அதுக்கடுத்த வெள்ளியும் அப்புடி. அப்புறமா ரெண்டு வெள்ளியா சோறு அப்புடியே கெடக்கு. பூசாரி சொன்னாரு, சோத்துக்கு மசியல, வாச்சுலதான் உசுரு ஒட்டிக்கிட்டிருக்கு, அத நிப்பாட்டிக் குழியில போட்டாத்தான் போவான்னு. அம்மாவும் சாப்பாட்ட விட்டுருச்சு. அவனுக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்னு படுத்துக் கெடக்கு. அதுக்குத் தெரியாமத்தான் டின்ன எடுத்துக்கிட்டு வந்தேன். என்னமோ போங்க. நிப்பாட்டித் தாங்க நானா. நின்ன வாச்சக் காட்டினா, அம்மா அழுதிரும். அழுதா சாப்புடும்.

— இரிங்க. லைட்டக் கிட்டக் கொண்டாறேன். கண்ணுல இந்தக் கண்ணாடியப் போட்டாப் பொறகு என்னோட பேசாதீங்க... தங்கச்சி.

— ம்.

— ஒங்கட தம்பிட வாச்சுல செக்கன் முள்ளு எப்பிடிப் போகும்? ஞாபகம் ஈக்கா?

— ஏன் இல்ல. குதிக்காது. பனி மலையேறுற மாதிரி வழுக்கிக்கிட்டே போகும். சத்தமே வராது. அதப் பாத்துக்கிட்டு இருந்தா தூக்கம் வரும்னு அம்மா சொல்லும்.

— இதப் பாருங்க. இங்க, இந்தக் கண்ணாடி வழியா.

— குதிக்குது.

— குதிக்குது. அதோட நீங்க என்ன சொன்னீங்க, அம்மா காதுல வச்சுக் கேக்குறாங்கன்னு. சத்தமில்லாத வாச்சுல என்னத்தக் கேட்டாங்க? திருப்பிப் பாப்போம். பின்பக்கம் மொழுமொழுன்னு ஈக்கு. நம்பர் எங்க?

— மண்ணு தேய்ச்சிருச்சுன்னு நெனச்சோம்.

— மண்ணு நம்பரத் தேய்ச்சா கீறல் ஈக்கும். கழட்டுறேன், பயப்படாதீங்க... இந்தா. இதான் உங்கட பேய்.

— என்னா அது?

— பெட்டரி.

— பெட்டரியா?

— சின்னப் பெட்டரி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஓடும். மண்ணுக்குள்ள கெடந்தாலும் ஓடும், மாவு டின்னுல கெடந்தாலும் ஓடும். யாரு கையும் தேவையில்ல.

— அப்ப... நான் இத்தன நாளா... ஒரு பெட்டரிக்கா திருநீறு பூசிக்கிட்டுத் திரிஞ்சேன்? ஐயோ சாமி. சிரிக்காதீங்க நானா, எனக்கே சிரிப்பு வருது. ஒரு பெட்டரிக்கு!

— நான் சிரிக்கல்ல தங்கச்சி.

— பாவம் தம்பி. ஜப்பான் வரைக்கும் போயி கள்ள வாச்ச வாங்கி ஏமாந்திருக்கான். நல்ல வேள, அவனுக்குத் தெரியாமலே போச்சு. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே செத்திருப்பான்.

— அவரு ஏமாறல்ல. இது கொழும்புல, புறக்கோட்டையில போட்டு விக்கிற கொப்பி. ஒங்கட தம்பி கொண்டந்தது அசல்தான்.

— அசல நீங்க எங்க பாத்தீங்க? சும்மா எனக்காகச் சொல்றீங்களா?

— அதுக்கு வாறேன். மொதல்ல இதச் செல்லுங்க. ஒங்கட லயத்துல வேற யாரும் இப்பிடிக் கொப்பி ஒன்னு வாங்கினாங்களா? அந்த வாச்சு மேல மிச்சம் ஆசப்பட்ட ஆள்?

— எல்லாருந்தான் ஆசப்பட்டாங்க. மிச்சம்னா... கிஷாந்த். பக்கத்துக் காம்பரா. இவனும் அவனும் ஒரே வயசு, ஒரே ஒசரம். முறை வாறப்ப கழட்டவே மாட்டான், வினோ விரல ஒன்னொன்னாப் பிரிச்சுத்தான் வாங்கணும். தீவாளிக்கு முன்னுக்கு கொழும்புக்குப் போனான். வந்ததும் என்னப் பாத்து, இனி ஒங்க வீட்டு வாசல்ல நிக்க மாட்டேங்கக்கான்னு சிரிச்சான். நான் அத... நானா.

— ம்.

— கிஷாந்தக் காணல. அவன் அம்மா நாகலெட்சுமி அக்கா குவைத்துல இருந்து ஓடி வந்து, மண்ணெல்லாம் கையால தோண்டிப் பாத்துச்சு. கெடைக்கல. அதனால, எம் புள்ள எங்கயோ தப்பிப் போயி இருக்கான், கருமாதி செய்ய மாட்டேன்னு இன்னமும் நெத்தியில குங்குமம் பூசிக்கிட்டு பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்குது. காலையில கூட டவுன்ல எனக்குக் கையக் காட்டுச்சு. லயத்துல காம்பரா ஒட்டி ஒட்டித்தானே இருக்கும், மண்ணு தள்ளினா யாரு யாரோட எடத்துல...

— தங்கச்சி, தண்ணி குடிங்க.

— மூஞ்சியப் பாக்கல நானா. கையத்தான் பாத்தேன். கையக் கூடப் பாக்கல. வாச்சத்தான் பாத்தேன். அப்ப எங்க குழியில கெடக்கிறது கிஷாந்தா?

— எனக்கி அப்பிடித்தான் படுது.

— அவனுக்கு நாங்க வினோ பேரு சொல்லித் தண்ணி எறைச்சோமே. அப்ப எந் தம்பி இன்னும் மண்ணுக்குள்ளயே கெடக்கானா? ஒரு புடி மண்ணு போடாம, ஒரு தேவாரம் சொல்லாம? அதான் வந்து கூப்பிட்டானா? எதுக்கு இப்ப ஸ்வெட்டர் கைய மடிக்கிறீங்க?

— பாருங்க.

— இது... 

— கிட்ட வந்து பாருங்க.

— பச்ச. வரி வரியா. முள்ளு வழுக்கிக்கிட்டுப் போகுது.

— இந்தாங்க, கழட்டிட்டேன். திருப்பி நம்பர வாசிங்க.

— நூத்திப் பதினேழு.

— நீங்க நம்பரச் சொன்ன நேரத்துல இருந்து இதத்தான் ஸ்வெட்டருக்கு மேலால பொத்திட்டு ஈக்கேன். வேல முடிஞ்ச வாச்ச மேச லாச்சியில வச்சுப் பூட்டணும், அதுதான் வழக்கம். இத வைக்க மனசு வரல்ல. வேல செஞ்சு முடிச்ச அன்னைக்கி, சும்மா ஒருக்காக் கட்டிப் பாப்போம்னு கட்டினேன். கழட்ட ஏலாமப் போச்சு. ஸ்வெட்டருக்குள்ள மறைச்சுட்டுத் திரியிறேன். பொண்டாட்டிக்கும் காட்டல்ல.

— இத மண்ணுல இருந்து எடுத்து யாரு உங்களுக்கு வித்தாங்க?

— விக்கல்ல. ஒரு ஆள் கொண்டந்தாரு. கையில கட்டிட்டுத்தான் வந்தாரு. ஓடிட்டு ஈந்திச்சி.

— எப்ப?

— மூனு கிழமைக்கு முன்னுக்கு. தலை மொட்டை, காதுக்கு மேலால நீளமாத் தையல். செயின்ல ரெண்டு கண்ணி கழட்டணும், கை மெலிஞ்சு போச்சுன்னாரு. அந்த ஒரு வசனத்தச் செல்றதுக்கே அவ்வளவு நேரம் எடுத்தாரு. ஒரு சொல்லு வந்தா மத்தச் சொல்லு வாறதுக்கு வாயத் தொறந்துட்டு நிக்கிறாரு. நாக்கு பெருத்த ஆள் மாதிரி.

— நானா...

— எனக்கி சந்தேகம். இப்பிடிக் கந்தலா நிக்கிறவன்ட கையில இந்த வாச்சான்னு. எங்கால கெடச்சதுன்னு கேட்டேன். சடங்கு வீட்டுக்குப் போக ரோட்டுல வரக்குள்ள மண்ணு தள்ளிருச்சு, ஆஸ்பத்திரியில கெடந்தேன், மிச்ச நாளா பேரே மறந்து போச்சு, நர்ஸ் நோனா ஒருத்தி வாச்சக் காப்பாத்தித் தந்தான்னு ஒன்னொன்னா சொன்னாரு. நான் நம்பல்ல. ரசீது எழுதணும், பேரச் செல்லுங்கன்னேன். பேர வெட்டிட்டாங்கன்னாரு. தோட்டத்துல வேலையால நிப்பாட்டின ஆளாக்கும்னு நெனச்சு, ரசீதுல ஒன்னும் எழுதாம வுட்டுட்டேன்.

— பேர வெட்டிட்டாங்கன்னா சொன்னான்?

— அதத்தான் சொன்னாரு. ஒங்கட ஊர் மதில்ல மரண நோட்டீஸ் ஒட்டியிருப்பீங்களே, அதுல போட்டோவப் பாத்திருப்பாருன்னு இப்பத்தான் எனக்கி விளங்குது.

— எங்க இருக்கான்? இப்ப எங்க இருக்கான் நானா?

— ஸ்டேசன் பெஞ்சியில படுக்கிறதாக் கேள்வி. நேத்தும் வந்தாரு, வாச்சக் கேட்டு. மழை. இந்தப் படியில, நீங்க வந்து ஏறின எடத்துலதான் நின்னாரு. வாச்சு என்ட ஸ்வெட்டருக்குள்ள. இன்னும் முடியல்லன்னு பொய் செல்லிட்டேன், அல்லா என்ன மன்னிக்கணும். குளிருல நடுங்கினத பாத்துட்டு, ஏன் ராசா இங்க நிக்கிறீங்க, வீட்டுக்குப் போங்களேன், வீட்டுல ஆளில்லையான்னு கேட்டேன்.

— என்னா சொன்னான்?

— வாயத் தொறந்துட்டு அப்பிடியே நின்னாரு. பொறகு சொன்னாரு: "போனேன் நானா. சோத்த வெளிய வச்சிட்டு, கதவச் சாத்திட்டாங்க."